போர்க்காலத்தில் மருத்துவரின் அமானிதம்

 



நம் வீட்டுப் பிள்ளைகளிடம், "படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் "டாக்டர்" என்பதுதான். பெற்றோராகிய நாமும் அதற்காக நகையை அடகு வைக்கிறோம்; நீட் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு தேடி அலைகிறோம்; துஆச் செய்கிறோம். ஆனால் அந்தத் தொழில் ஒரு மனிதர் மீது எத்தகைய பொறுப்பைச் சுமத்துகிறது என்பதை அமர்ந்து சிந்தித்திருக்கிறோமா?

அமைதிக் காலத்தில் அந்தப் பொறுப்பின் முழு எடை தெரிவதில்லை. போர் வரும்போதுதான் அது வெளிப்படுகிறது. எதிரிப் படையைச் சேர்ந்த ஒருவன் இரத்தம் வழிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறான். மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பதோ அவனோடு போரிடும் அரசாங்கம். அவனுக்குச் சிகிச்சை செய்யலாமா? செய்தால் அது தேசத் துரோகமா? தம் கண் முன்னே இறந்தவர்களை எண்ணி, உண்மையான எண்ணிக்கையை அவர் உலகுக்குச் சொன்னால் அது குற்றமா? இந்தக் கேள்விகளைத்தான் இந்த மாதம் நாம் சற்று விரிவாகச் சிந்திக்க இருக்கிறோம்.

இவை நமக்குத் தொலைவான கேள்விகள் அல்ல. நம் அனுப்பம்பட்டு நிலையத்தில் மின்சார ரயில் ஏறிப் பொன்னேரி, கவரைப்பேட்டையைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைப் போரினால் வீடும் மண்ணும் இழந்து கடல் கடந்து வந்த மக்களின் முகாம் இருக்கிறது. அந்தப் போரின் இறுதி மாதங்களில் ஒருசில மருத்துவர்களுக்கு நேர்ந்த சோதனையே நம் கேள்விக்கு மிக அருகில் உள்ள உண்மை நிகழ்ச்சியாகும்.

வன்னியில் நடந்தது என்ன?

2009ஆம் ஆண்டின் தொடக்கம். இலங்கை அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் வன்னிப் பகுதியில் உச்சக்கட்டத்தை அடைந்திருந்தது. இலட்சக்கணக்கான பொதுமக்கள் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு கடலோர நிலப்பரப்பில் சிக்கிக்கொண்டனர். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் 2008 செப்டம்பரிலேயே அங்கிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டன. எஞ்சி நின்றவர்கள் சில அரசு மருத்துவர்கள். கிளிநொச்சி மாவட்டச் சுகாதாரப் பணிப்பாளர் தங்கமுத்து சத்தியமூர்த்தி, முல்லைத்தீவு மாவட்டச் சுகாதாரப் பணிப்பாளர் துரைராஜா வரதராஜா, மருத்துவர் வீரகத்திப்பிள்ளை சண்முகராஜா ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

இவர்களின் நிலையைக் கவனியுங்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் இவர்கள் பணியாற்றினார்கள்; ஆனால் கொழும்பு அரசாங்கத்தின் ஊழியர்கள். சம்பளமும் மருந்தும் அங்கிருந்தே வரவேண்டும். ஒரு புறம் துப்பாக்கி ஏந்திய இயக்கம். மறு புறம் தம்மை நியமித்த அரசாங்கம். நடுவில் தரையில் கிடத்தப்பட்டிருந்த நோயாளிகள்.

புதுக்குடியிருப்பு மருத்துவமனை பலமுறை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. 2009 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கிருந்த நோயாளிகளை அகற்ற வேண்டியதாயிற்று. அதன் பின் கடற்கரை ஓரத்தில் புதுமாத்தளனிலும், கடைசியாக முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களையும் கூடாரங்களையும் மருத்துவமனையாக மாற்றி அவர்கள் பணியைத் தொடர்ந்தனர். மயக்க மருந்து இல்லை; இரத்தம் இல்லை; நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் தீர்ந்துபோயின. அந்த நிலையிலும் கை கால்களை அகற்றும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்கள். பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் பிப்ரவரி முதல் மே 9ஆம் தேதி வரை கப்பல் மூலம் காயமுற்றோரையும் அவர்களுடன் இருந்தோரையுமாக 13,000-க்கும் மேற்பட்டோரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது. அவர்களைக் கப்பல் வரும் நாள் வரை உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்த மருத்துவர்கள்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். தொலைபேசி வழியாக உலகச் செய்தியாளர்களிடம், "இன்று இத்தனை பேர் கொண்டுவரப்பட்டார்கள், இத்தனை பேர் இறந்தார்கள்" என்று சொன்னார்கள். மார்ச் மாதத்தில் சுகாதார அமைச்சகத்திற்கு எழுதிய கடிதத்தில், அடிப்படை வசதிகளும் அவசிய மருந்துகளும் இருந்திருந்தால் மருத்துவமனையில் நிகழ்ந்த மரணங்களுள் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்று தெரிவித்தார்கள். அதற்குக் கிடைத்த பதில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கையாகும்.

போர் மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. வெளியே வந்த மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2009 ஜூலை 8ஆம் தேதி, காவலில் இருந்த நிலையிலேயே ஐந்து மருத்துவர்கள் கொழும்பில் செய்தியாளர்கள் முன் கொண்டுவரப்பட்டார்கள். புலிகளின் நிர்ப்பந்தத்தால் தாங்கள் எண்ணிக்கையை மிகைப்படுத்தியதாகவும், உண்மையில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 650 முதல் 750 வரைதான் என்றும் அப்போது சொன்னார்கள். ஆகஸ்டு மாதத்தில் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். பின்னாளில் நாட்டை விட்டு வெளியேறிய வரதராஜா, அந்தச் சந்திப்பில் சொன்னவை நெருக்குதலுக்கு உட்பட்டுச் சொல்லப்பட்டவை என்று பகிரங்கமாகக் கூறினார்.

உண்மை எந்தப் பக்கம் இருந்தது? போரின்போது அந்தப் பகுதியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசுத் தரப்பு சொல்லி வந்தது. போர் முடிந்தபோது முகாம்களில் வந்து சேர்ந்தவர்களோ 2,80,000 பேர் அளவில் இருந்தனர். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதன் விளைவு வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. 70,000 பேருக்கு என்று கணக்கிட்டு அனுப்பப்படும் அரிசியும் மருந்தும் அதைப் போல் நான்கு மடங்கு மக்களுக்கு எப்படிப் போதும்? ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, 40,000 வரையிலான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றது. இந்தோனேசியாவைச் சேர்ந்த மர்சுக்கி தாருஸ்மான் அக்குழுவின் தலைவர். மருத்துவமனைகள் மீது அரசுப் படைகள் எறிகணை வீசியதையும், புலிகள் பொதுமக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்து, தப்பிச் செல்ல முயன்றோரைச் சுட்டதையும் அந்த அறிக்கை நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்தது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை.

உப்பிட்டவர் யார்?

அன்பிற்குரியவர்களே! "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் தமிழ் மக்களின் பழமொழி. அரசாங்கத்தின் உப்பைத் தின்றுவிட்டு அரசாங்கத்திற்குச் சங்கடம் தரும் செய்தியைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் அந்த உப்பு யாருடையது? அரசாங்கத்தின் கருவூலத்தில் இருப்பது குடிமக்களின் பணம். வன்னியில் சிக்கிக்கொண்ட விவசாயியும் மீனவரும் அதே நாட்டின் குடிமக்களே. அரசு அந்த மருத்துவர்களை அந்த மாவட்டங்களுக்கு நியமித்தது எதற்காக? அங்குள்ள மக்களின் உயிரைக் காப்பதற்காக. அவர்கள் கடைசிவரை அங்கேயே நின்றதுதான் அந்த நியமனத்திற்குச் செய்த நேர்மை. ஓர் அரசு தன் கையாலேயே எழுதிய நியமன ஆணையை மறந்துபோன நாட்களில் அந்த ஆணையை நிறைவேற்றியவர்கள் அவர்கள்.

நம் மார்க்கத்தில் இதற்கு 'அமானிதம்' என்று பெயர். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பது கடமை. மருத்துவரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம் நோயாளியின் உடல். அந்த அமானிதத்தின் உரிமையாளர் நோயாளியும் அவரைப் படைத்த இறைவனும் ஆவர். எந்தத் தளபதியும் அதற்கு உரிமையாளர் அல்லர்.

சாட்சியமும் அமானிதமே

சிகிச்சை செய்வதோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டிருக்கலாமே, எண்ணிக்கையை ஏன் வெளியே சொல்ல வேண்டும் என்ற ஐயமும் எழலாம்.

காயத்தை முதலில் பார்ப்பவர் மருத்துவர். அது தோட்டாவின் காயமா, எறிகணையின் காயமா, குழந்தையினுடையதா, முதியவருடையதா என்பதை அவர் அறிவார். மருந்து இருந்தால் பிழைத்திருப்பாரா என்பதையும் அவரே அறிவார். போர்க்களத்தில் மற்ற எல்லோரும் ஏதேனும் ஒரு தரப்பின் வாயாகப் பேசும்போது, இறந்தவர்களின் வாயாகப் பேசக்கூடியவர் அவர் ஒருவரே. அவர் வாயை மூடிக்கொண்டால் மருந்து வராது, கப்பல் வராது, அடுத்த நாளும் அதே எண்ணிக்கையில் மரணங்கள் நிகழும். ஆகவே அங்கே சாட்சியம் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமும் அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனமும் நாம் அடிக்கடி கேட்பவை. நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியான சாட்சியம் சொல்ல வேண்டும் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதும் அவற்றின் கருத்துகள். பிந்திய கட்டளை பகை இருக்கும் இடத்திற்கென்றே அருளப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

காவலில் வைக்கப்பட்ட ஒருவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றால் அவரைக் கோழை என்று நாம் ஏசக் கூடாது. நிர்ப்பந்திக்கப்பட்டவரின் வார்த்தையைக் கொண்டு அவரைக் குற்றம் பிடிப்பதில்லை என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் தெளிவான சட்டம். குற்றம் நிர்ப்பந்தித்தவரையே சாரும்.

முன்னோர் காட்டிய வழி

அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் அவையில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற மருத்துவர் இருந்தார். அவர் கிறிஸ்தவர், கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்த பேரறிஞர். தம் எதிரி ஒருவனைக் கொல்ல நஞ்சு தயாரித்துத் தருமாறு கலீஃபா அவரிடம் கேட்டாராம். பரிசுகள் தருவதாகச் சொன்னார், ஹுனைன் மறுத்தார். ஓராண்டுக் காலம் சிறையில் அடைத்தார், அப்போதும் மறுத்தார். வாளைக் காட்டி அச்சுறுத்தியபோதும் அசையவில்லை. பின்னர், தாம் சோதித்துப் பார்த்ததாகச் சொன்ன கலீஃபா, மறுத்ததற்குக் காரணம் கேட்டார். தம்முடைய மார்க்கமும் தம்முடைய தொழிலும் தடுத்துவிட்டன என்பதே ஹுனைனின் விடை. எதிரிக்கும் நன்மை செய்யச் சொல்கிறது மார்க்கம். மனிதருக்குத் தீங்கு செய்ய விடாமல் உறுதிமொழியால் கட்டிப்போட்டிருக்கிறது தொழில் என்று அவர் விளக்கினார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்துள்ளார். ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் இந்த உறுதியை முஸ்லிம் வரலாற்றாசிரியர் ஒருவர் பெருமையோடு எழுதி வைத்தார் என்பதும் சிந்திக்கத்தக்கது.

இன்னொரு நிகழ்ச்சி. யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் சிறைப்பிடிக்கப்பட்டு மதீனாப் பள்ளிவாசலின் தூணில் கட்டப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் மூன்று நாட்கள் அவரிடம் கனிவோடு பேசி, ஈட்டுத் தொகை ஏதுமின்றி விடுவித்தார்கள். இஸ்லாத்தைத் தழுவிய ஸுமாமா (ரலி), நபிகளாரின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் மக்காவுக்குப் போகாது என்று அறிவித்துவிட்டார். மக்காவாசிகள் பசியால் வாடினார்கள். முஸ்லிம்களை ஊரை விட்டே விரட்டியவர்கள் அவர்கள். போர்க்களங்களில் எதிரே நின்றவர்கள். ஆயினும் அவர்கள் முறையிட்டபோது, தானியத்தை அனுப்பும்படி நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்குச் சொல்லி அனுப்பியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உணவையும் மருந்தையும் தடுப்பதைப் போர் ஆயுதமாக்க விரும்பும் எவரும் இந்நிகழ்ச்சியைப் படித்துப் பார்க்கட்டும்.

சுல்தான் ஸலாஹுத்தீன் வைத்தியராக மாறுவேடம் பூண்டு ரிச்சர்ட் மன்னருக்குச் சிகிச்சை செய்தார் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது ஆங்கில நாவல் ஒன்றில் வரும் கற்பனை. வரலாற்றில் உள்ளதோ இது: 1192இல் நோயுற்றிருந்த ரிச்சர்டுக்கு ஸலாஹுத்தீன் பழங்களையும் பனிக்கட்டியையும் அனுப்பினார். உண்மையே போதுமான அளவுக்கு அழகாக இருக்கும்போது கற்பனை நமக்கு எதற்கு?

உலகம் எழுதிக்கொண்ட சட்டம்

1859 ஜூன் 24ஆம் தேதி இத்தாலியின் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் பல்லாயிரவர் கவனிப்பாரின்றிக் கிடந்ததை ஹென்றி துனாந்த் என்ற சுவிஸ் வணிகர் கண்டார். பக்கத்து ஊர்ப் பெண்கள் எந்தப் படையினர் என்று பாராமல் எல்லாருக்கும் கட்டுப்போட்டார்கள். அந்தக் காட்சியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கமும் 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. உலக மருத்துவச் சங்கம் 1948இல் உருவாக்கிய மருத்துவர் உறுதிமொழி, நோயாளியின் மதமோ நாடோ இனமோ மருத்துவரின் கடமைக்குக் குறுக்கே வரலாகாது என்று விதித்தது. மருத்துவ நெறி போர்க்காலத்திலும் அமைதிக் காலத்தைப் போன்றதே என்பதை அச்சங்கம் 1956இல் தெளிவாக்கியது.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை இந்தியாவும் இலங்கையும் ஏற்றுள்ளன. உள்நாட்டுப் போராக இருந்தாலும் காயமுற்றோரைத் திரட்டிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அவற்றின் பொதுவான மூன்றாம் விதி. மருத்துவ நெறிப்படி சிகிச்சை செய்ததற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்று 1977இன் கூடுதல் நெறிமுறைகள் சொல்கின்றன; இவ்விரு நாடுகளும் அந்த நெறிமுறைகளில் இன்னும் சேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

"குணமான எதிரி மீண்டும் துப்பாக்கியைத் தூக்க மாட்டானா?" என்று கேட்பவர்களுக்குச் சட்டத்திலேயே விடை உண்டு. குணமானவனைக் கைதியாக வைத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு இருக்கிறது. 1971 போரில் இந்தியாவிடம் சுமார் 93,000 பாகிஸ்தானியர் சிறைப்பட்டனர். காயமுற்றவருக்குச் சிகிச்சையும் அளித்துக் காவலிலும் வைக்க நம் நாட்டால் முடிந்தது. சிறை வைப்பது அரசின் வேலை. விசாரிப்பது நீதிபதியின் வேலை. காயத்தை ஆற்றுவது மருத்துவரின் வேலை. மூன்றையும் ஒருவர் கையில் கொடுத்தால் மூன்றும் கெட்டுப்போகும்.

மருத்துவருக்கும் எல்லை உண்டு. மருத்துவமனைக்குள் ஆயுதம் பதுக்க அவர் இடம் கொடுக்கக் கூடாது. நோயாளியிடம் கேட்டறிந்த இரகசியத்தை எந்தப் படைக்கும் உளவாக விற்கக் கூடாது. தமக்குப் பிடித்த தரப்புக்கு முதல் படுக்கை என்று வரிசையை மாற்றக் கூடாது. எவருடைய காயம் கடுமையோ அவரே முதலில் என்பதுதான் அவருடைய வரிசை.

நம் பக்கம் தவறும்போது

வாசகப் பெருமக்களே! பிற நாட்டு அரசைப் பற்றிப் பேசுவது எளிது. நம் நாட்டின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். 1987 அக்டோபர் 21ஆம் தேதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் ஊழியர்களுமாகச் சுமார் 70 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் காலை மருத்துவர் சிவபாதசுந்தரம், தாங்கள் மருத்துவர்களும் செவிலியர்களும்தான் என்று சொல்லியபடியே வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள் அங்கிருந்து சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. அப்படியே இருந்தாலும் கட்டிலில் கிடந்தவரையும் கட்டுப்போட்டவரையும் கொல்வதற்கு அது நியாயம் ஆகாது. தேசத்தை நேசிப்பவர்தான் இதைச் சொல்ல வேண்டும்; தேசத்தின் பெயர் கெடுவதில் உண்மையான வலி அவருக்கே இருக்கும்.

நம் சமுதாயத்தின் உள்ளத்திலும் ஒரு வடு இருக்கிறது. 1990 ஆகஸ்டு 3ஆம் தேதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். அதை அறிந்தவருக்கு, வன்னியில் காயமுற்றுக் கிடந்த புலிகளின் போராளிக்குச் சிகிச்சை தேவையா என்ற கசப்பு எழுவது மனித இயல்பு. அந்தக் கசப்பு எழும் இடம்தான் நம் நீதியின் பரீட்சைக்கூடம். பாதிக்கப்பட்டவர் நியாயம் கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம், சாட்சியம் சொல்லலாம். அறுவைச் சிகிச்சை மேசையில் பழி தீர்க்க யாருக்கும் அனுமதி இல்லை. அங்கே பழி தீர்ப்பதை அனுமதித்துவிட்டால், நாளை காத்தான்குடிக் காயக்காரர் ஒருவரை மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பவும் அது வழியாகிவிடும்.

நம் ஏரிக்கரை மக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. பழவேற்காடு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் 'பாடு' முறை இருக்கிறது. அதில் ஊருக்கு ஊர் மனத்தாங்கல் உண்டு, பஞ்சாயத்து உண்டு. ஆனால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒருவன் தத்தளிக்கும்போது, எந்தக் குப்பத்தான் என்று விசாரித்துவிட்டா கயிறு வீசுகிறோம்? முதலில் கரை சேர்ப்போம்; வழக்கை அப்புறம் பேசுவோம். மருத்துவ நெறி என்று உலகம் எழுதி வைத்திருப்பதும் இதைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் சம்பளத்தையும் சொந்த மருத்துவமனையையும் பற்றி மட்டும் பேசாமல், ஹுனைனின் மறுப்பையும் வன்னி மருத்துவர்களின் உறுதியையும் எடுத்துச் சொல்லுங்கள். நாட்டுப்பற்றையும் கற்றுக்கொடுங்கள், நாட்டுக்காக உழைப்பது ஒன்று, நாட்டுக்காகப் பொய் சொல்வது வேறொன்று என்பதைச் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். உலகில் எங்கே போர் மூண்டாலும், மருத்துவமனை தாக்கப்பட்டது என்ற செய்தி வரும்போது, அது எந்தத் தரப்பின் மருத்துவமனை என்று பார்த்த பின்பு கண்ணீர் விடும் பழக்கத்தை நம்மிடமிருந்து அகற்றுவோம்.

அந்த மருத்துவர்களுள் ஒருவரான சத்தியமூர்த்தி பின்னாளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையின் பணிப்பாளராக அதே அரசினால் நியமிக்கப்பட்டுப் பணியாற்றினார். துரோகம் செய்தவர் என்று சிறைப்படுத்தியவரிடமே வடபகுதியின் மிகப்பெரிய மருத்துவமனையை ஒப்படைக்க நேர்ந்தது. தொழிலின் அமானிதத்தைக் காத்தவரை நாடு என்றேனும் ஒருநாள் தேடி வரும் என்பதற்கு இது ஒரு படிப்பினை.

ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுவதையும் காப்பதற்கு நிகராக வைத்த இறைவன், நம் பிள்ளைகளை அத்தகைய கரங்களை உடையவர்களாக ஆக்குவானாக! பகையிலும் நீதி தவறாத உள்ளத்தை நமக்குத் தருவானாக! போரினால் வீடிழந்த அனைவருக்கும் அமைதியான வாழ்வை வழங்குவானாக! ஆமீன்.